கடற்கரை முதல் தாம்பரம் வரை

நுழையும்முன்

ஒரு நகரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை மதிலும் அகழியும் சொல்லிய காலம் ஒன்று உண்டு. பின்னர் அதனை இருப்புப்பாதை சொல்லத் தொடங்கியது. சென்னையின் தென்புறத்தில் ஏரிகளும் வயல்களும் சிற்றூர்களுமாகக் கிடந்த நிலத்தின் ஊடே 1931ஆம் ஆண்டு ஒரு மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. அது ஓடிய வழியெல்லாம் நகரமாயிற்று. அவ்வண்டியின் வரலாற்றை, அதன் தடத்தோடு தண்டவாளத்தால் பிணைந்திருந்த திருவண்ணாமலையில் இருந்து பார்க்கிறது இப்பாடம்.

பழைய நிலப்படம்

1896ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களின் இறுதி. மதுரையில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பதினாறு வயது வேங்கடராமன் திருவண்ணாமலைக்குப் புறப்பட முடிவு செய்தார். வீட்டிலிருந்த நிலப்படத்தைப் பிரித்துப் பார்த்தார். திருவண்ணாமலைக்கு அருகே இருப்புப்பாதை செல்லும் ஊராக அதில் தென்பட்டது திண்டிவனம். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று கொடுக்கப்பட்ட ஐந்து ரூபாயில் மூன்று ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, திண்டிவனத்துக்குச் சீட்டு வாங்கி வண்டி ஏறினார். பெட்டியில் உடன் பயணம் செய்த ஒரு மௌல்விதான் செய்தியைச் சொன்னார்: திண்டிவனம் போகவேண்டியதில்லை; விழுப்புரத்தில் இறங்கினால் திருவண்ணாமலைக்கே வேறு வண்டி இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து காட்பாடி நோக்கிச் செல்லும் பாதை அப்போது புதிது. பையனின் நிலப்படம் பழையது.

கையில் எஞ்சிய காசுக்கு மாம்பழப்பட்டு வரைதான் சீட்டுக் கிடைத்தது. அங்கிருந்து நடந்து, திருக்கோவலூர்ப் பகுதியில் தங்கி, மீண்டும் வண்டி ஏறி, செப்டம்பர் 1ஆம் நாள் காலை திருவண்ணாமலை நிலையத்தில் இறங்கினார். பிற்காலத்தில் அவரை உலகம் இரமண மகரிஷி என்று அறிந்தது. அவருடைய ஆன்மிக வாழ்வு நம் பாடத்தின் பொருள் அன்று. ஆனால் அந்தப் பழைய நிலப்படம் நம் பொருளுக்கு உரியது. ஓர் ஊருக்கு அருகில் இருப்பது எது, தொலைவில் இருப்பது எது என்பதைக் கல் கணக்கு மட்டும் முடிவு செய்வதில்லை. பாதை எங்கே போகிறது என்பதும் முடிவு செய்கிறது. பாதை மாறினால் ஊர்களின் அண்மையும் சேய்மையும் மாறிவிடும். முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் சென்னையில் நிகழ்ந்ததும் இதுவே.

இராயபுரத்தில் தொடங்கியது

தென்னிந்தியாவில் பயணிகளை ஏற்றிய முதல் தொடர்வண்டி 1856 ஜூலை 1 அன்று சென்னை இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டை நோக்கிப் புறப்பட்டது. இன்றைய வாலாஜா சாலை நிலையம் வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர். பம்பாய்க்கும் தாணேவுக்கும் இடையே இந்தியாவின் முதல் பயணியர் வண்டி ஓடி மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. உயர்ந்த தூண்கள் கொண்ட இராயபுரம் நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. அதற்கு முன்பே, 1830களில், செங்குன்றம் பகுதியிலிருந்து சாலைக்கான கற்களைச் சுமந்துவரச் சிறியதோர் இருப்புப்பாதை சென்னையருகே இருந்தது. அது கல்லை ஏற்றிய பாதை, மனிதரை ஏற்றவில்லை.

இராயபுரம் பாதையை அமைத்தது மதராஸ் இரயில்வே. தெற்கே விழுப்புரம், தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, மதுரை, தூத்துக்குடி எனப் பரந்தது தென்னிந்திய இரயில்வே. முன்னதன் பாதை அகலப்பாதை. பின்னதன் பாதை மீட்டர் பாதை. ஒன்றின் வண்டி மற்றொன்றின் தண்டவாளத்தில் ஏற இயலாது. சென்னையில் சென்ட்ரல், எழும்பூர் என இரு பெரு நிலையங்கள் ஒன்றுக்கொன்று அண்மையிலேயே தனித்தனியே எழுந்ததற்கு இந்த இரண்டடிக்குச் சற்று மேற்பட்ட வேறுபாடே பெருங்காரணம். சென்ட்ரல் 1873இல் வந்தது. செம்மணற்கல் நிறத்தில் குவிமாடங்களோடு எழும்பூர் நிலையம் 1908இல் திறக்கப்பட்டது. வட நாட்டுக்கு ஒரு வாசல், தென்னாட்டுக்கு ஒரு வாசல் என்று மக்கள் பழகிக்கொண்டனர்.

தெரிந்து தெளிவோம்

தண்டவாளங்கள் இரண்டின் உட்பக்கங்களுக்கு இடையே உள்ள தொலைவே பாதையின் அகலம். இந்திய அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். மீட்டர் பாதை பெயருக்கேற்ப 1000 மில்லிமீட்டர். 1870 அளவில், மேயோ பிரபு அரசப் பிரதிநிதியாக இருந்தபோது, செலவைக் குறைப்பதற்காக மீட்டர் பாதை இந்தியாவில் கைக்கொள்ளப்பட்டது. குறுகிய பாதைக்கு மண்ணணை சிறிது, பாலம் சிறிது, வளைவு எளிது. அன்று மிச்சப்படுத்திய பணத்தை நூறாண்டு கழித்துப் பாதைகளை அகலப்படுத்துவதில் நாடு செலவிட வேண்டியிருந்தது.

மின்சாரம் தெருவுக்கு வந்தது

சென்னை மக்கள் மின்சாரத்தால் ஓடும் வண்டியை 1931இல்தான் முதன்முதலாகக் கண்டனர் என்று எண்ணிவிடலாகாது. 1895 மே 7 அன்றே இந்நகரத் தெருக்களில் மின்சார டிராம் ஓடியது. இந்தியாவில் அதுவே முதல் மின்சார டிராம். லண்டன் மாநகரத் தெருக்களில் மின்சார டிராம் முறையாக ஓடத் தொடங்கியது 1901இல்தான் என்பதை இவ்விடத்தில் நினைத்துப் பார்க்கலாம். தொடக்கத்தில் மின்சாரம் தெருவின் அடியில் பதித்த கால்வாய் போன்ற குழாய் வழியே வந்தது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஊரில் நிலத்துக்கடியில் மின்சாரத்தை வைத்தால் என்ன ஆகும் என்பதைக் கார்காலம் வந்து கற்பித்தது. பிறகு தலைக்குமேல் கம்பி கட்டினார்கள். அந்த டிராம் 1953 ஏப்ரலில் நின்றுபோனது.

டிராம் தெருவுக்குள் ஓடியது. நடப்பவரோடும் மாட்டு வண்டியோடும் வழியைப் பங்கிட்டுக்கொண்டது. நகருக்குள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்ல அது போதும். நகரத்துக்கு வெளியே வாழ்ந்து நகரத்துக்குள் உழைக்க அது போதாது. அதற்குத் தனிப் பாதை வேண்டும், விரைவு வேண்டும், நினைத்த நேரத்தில் வண்டி வரவேண்டும். லண்டனில் 1863இல் நிலத்தடியில் நீராவி எஞ்சின் இழுத்த வண்டி ஓடி, புகையில் மக்கள் இருமினர். 1890இல் அங்கேயே மின்சார நிலத்தடி வண்டி வந்தது. இந்தியாவில் பம்பாய் முந்திக்கொண்டது. 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா முனையத்துக்கும் குர்லாவுக்கும் இடையே நாட்டின் முதல் மின்தொடர்வண்டி ஓடியது. அடுத்த முறை சென்னைக்கு வந்தது. கல்கத்தா 1957 வரை காத்திருந்தது.

புகைவண்டியின் குறையும் மின்வண்டியின் நிறையும்

நீராவி எஞ்சின் தொலைதூரப் பயணத்துக்கு ஏற்றது. அது நின்ற நிலையிலிருந்து வேகம் பிடிக்கச் சற்று நேரம் எடுத்துக்கொள்ளும். பிடித்த வேகத்தில் நெடுந்தொலைவு செல்லும். சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையுள்ள 29 கிலோமீட்டரிலோ இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு நிலையம். வேகம் பிடிப்பதற்குள் அடுத்த நிலையம் வந்துவிடும். கடையிடத்தை அடைந்ததும் எஞ்சினைக் கழற்றி, தண்ணீர் ஊட்டி, சுற்றிக் கொண்டுவந்து மறுமுனையில் மாட்ட வேண்டும். காலையிலும் மாலையிலும் அலுவலகக் கூட்டம் நடைமேடையில் நின்றுகொண்டிருக்க, எஞ்சின் ஆற அமரத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்.

மின்தொடர்வண்டியில் இழுக்கும் எஞ்சின் என்று தனியே ஒன்று இல்லை. மின்பொறிகள் பயணியர் பெட்டிகளின் அடியிலேயே பொருத்தப்பட்டிருக்கும். கூரைமேல் மடிந்து விரியும் சட்டம் ஒன்று மேலே செல்லும் கம்பியை உரசியவாறே மின்சாரத்தை எடுக்கும். வண்டி நொடிகளில் வேகம் பிடிக்கும். நின்றால் உடனே நிற்கும். இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை உண்டு. தாம்பரத்தில் வண்டி நின்றதும் ஓட்டுநர் இறங்கி நடைமேடையில் நடந்து மறுமுனைக்குப் போவார். அவ்வளவுதான், வண்டி திரும்பியாயிற்று. புறநகர் வாழ்வு என்ற ஒன்றை இயலச் செய்தது ஓட்டுநரின் இந்தச் சிறு நடைதான் என்று கூறினாலும் மிகையன்று.

இத்திட்டம் 1920களில் உருப்பெற்றது. வேலைகள் 1928இல் தொடங்கின. 1931 மார்ச்சில் பாதை ஆயத்தமானது. 1931 ஏப்ரல் 2 அன்று அன்றைய மாநில ஆளுநர் சர் ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டான்லி தொடங்கிவைத்தார். மே 11 முதல் மக்களுக்கான மின்தொடர்வண்டிகள் முறையாக ஓடின. 1500 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்கிய இவ்வண்டி, இந்தியாவில் மீட்டர் பாதையில் ஓடிய முதல் மின்தொடர்வண்டி. தெற்கேயிருந்து வரும் நெடுந்தொலைவு வண்டிகளையும் தாம்பரத்திலிருந்து மின்எஞ்சின்கள் இழுத்துவந்தன. திருவண்ணாமலையிலிருந்து விழுப்புரம் வழியாகச் சென்னைக்குச் சென்ற நம் முன்னோருக்குத் தாம்பரம் என்பது கரி எஞ்சினைக் கழற்றும் இடம். அதுவரை கண்ணில் விழுந்த கரித்தூள் அதற்குமேல் விழாது. கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம்.

அதே 1928

வேலை தொடங்கிய 1928ஆம் ஆண்டை இன்னொரு வகையிலும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பாதை திறப்பு விழாக்களைப் பற்றிய குறிப்புகளில் இப்பகுதி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

தென்னிந்திய இரயில்வே தன் நாகப்பட்டினம் பணிமனையைத் திருச்சிராப்பள்ளிக்கு அருகே பொன்மலைக்கு மாற்றியது. மாற்றத்தோடு ஆள்குறைப்பும் வந்தது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையிழக்கும் நிலை. 1928 ஜூலையில் தென்னிந்திய இரயில்வேத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். வண்டிகள் நின்றன. அவர்களுக்குத் துணைநின்றவர்களில் ஒருவர் ம. சிங்காரவேலர், 1923இல் சென்னையில் மே நாளைக் கொண்டாடியவர். அப்போது அவருக்கு அகவை அறுபத்தெட்டு. வேலைநிறுத்தம் அந்தத் திங்களின் இறுதிக்குள் ஒடுக்கப்பட்டது. சிங்காரவேலருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது குறைக்கப்பட்டு 1930இல் விடுதலையானார்.

ஒரே நிருவாகம் ஒருபுறம் புதிய மின்பாதைக்குப் பணம் ஒதுக்கியது. மறுபுறம் பழைய தொழிலாளரை வெளியேற்றியது. இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் 1931 ஏப்ரல் 2ஆம் நாளின் கொடியும் தோரணமும் யாருடைய விழாவுக்காகக் கட்டப்பட்டவை என்று கேட்கத் தோன்றுகிறது. பாதையிட்டவர்களின் பெயர்களை எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. ஆளுநரின் பெயரை மட்டுமே நாம் அறிவோம்.

நிலையப் பெயர்களில் ஒரு வரலாறு

கடற்கரை, கோட்டை, பூங்கா, எழும்பூர், சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி, பரங்கிமலை, மீனம்பாக்கம், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம், தாம்பரம். பின்னாளில் சேர்ந்த பழவந்தாங்கல், திரிசூலம் ஆகியவற்றை விட்டுவிட்டுப் படித்தாலும் இவ்வரிசை ஒரு சிறு வரலாற்று நூல்.

முதல் மூன்றும் இடப்பொருள் குறிக்கும் எளிய தமிழ்ச்சொற்கள். கடற்கரை நிலையத்துக்கு எதிரே துறைமுகம். சற்றுத் தள்ளி வணிக நிறுவனங்கள், தலைமை அஞ்சலகம், உயர்நீதிமன்றம். நகரத்தின் எழுத்தரும் கணக்கரும் காலையில் இறங்கிய இடம் அது. பாக்கம், பேட்டை, ஊர் என முடியும் பெயர்கள் ஏரியும் வயலும் சந்தையும் இருந்த பழைய ஊர்களைச் சொல்கின்றன. பரங்கிமலை போர்த்துக்கீசியரை நினைவூட்டுகிறது. குரோம்பேட்டையில் உள்ள குரோம் ஒரு வேதிப்பொருளின் பெயர்! தோல் பதனிட குரோமிய உப்பைப் பயன்படுத்திய குரோம் லெதர் தொழிற்சாலை அங்கே இருந்தது. அதனோடு பேட்டை ஒட்டிக்கொண்டு ஓர் ஊர்ப்பெயர் பிறந்தது. பெயர்ச்சொல் ஆக்கத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வகுப்பறையில் கிடைப்பது அரிது. சானடோரியம் என்பதோ மருத்துவமனையைக் குறிக்கும் பொதுச்சொல். காசநோய்க்கு மருந்து கண்டறியப்படாத காலத்தில், தூய காற்றும் ஓய்வும் நல்லுணவுமே மருத்துவம் என்று கருதப்பட்டபோது, மருத்துவர் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தை அடுத்து அதனை நிறுவினார். நகரத்துக்கு வெகு தொலைவில், காற்றோட்டமான இடம் என்பதனாலேயே தாம்பரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அடுத்த மூன்றே ஆண்டில் மின்தொடர்வண்டி வந்து அந்தத் தொலைவைச் சுருக்கிவிட்டது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரின் நெரிசலை விட்டுத் தாம்பரத்தின் காட்டுப் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. நகரத்திலிருந்து விலகி வந்தவர்களைத் தொடர்ந்து நகரமும் வந்தது.

1940களின் இறுதியில் கோடம்பாக்கத்தையும் வடபழனியையும் ஒட்டித் திரைப்படக் கூடங்கள் எழுந்தன. கோடம்பாக்கம் நிலையத்தில் இறங்கியவர்களில் எத்தனை பேர் நடிகராகும் கனவோடு இறங்கினர் என்பதற்குக் கணக்கு இல்லை. 1960களில் மேம்பாலம் கட்டப்படும்வரை, அங்கிருந்த இருப்புப்பாதைக் கதவு மூடினால் நடிகரின் காரும் காய்கறி வண்டியும் ஒன்றாகவே நிற்க வேண்டும்.

சொற்களின் வழக்காறும் இவ்விடத்தில் நோக்கத்தக்கது. நீராவி எஞ்சின் விட்ட புகையைக் கண்டு மக்கள் இட்ட பெயர் புகைவண்டி. புகையே இல்லாத வண்டி வந்த பின்னும் அதுவும் புகைவண்டியாகவே இருந்தது; அது நின்ற இடம் புகைவண்டி நிலையமாகவே எழுதப்பட்டது. காரணப்பெயர் காரணத்தை இழந்தும் வாழும் என்பதற்கு இது சான்று. பெட்டிகள் தொடர்ந்து வருவதால் தொடர்வண்டி என்பது பின்னர்ப் பெருவழக்காயிற்று. ஆனால் சென்னை மக்களின் நாவில் நிலைத்தது மின்சார ரயில் என்னும் பெயரே. நகருக்குள் ஓடுவது மட்டும் அவர்களுக்கு மின்சார ரயில். வெளியூர் வண்டியும் மின்சாரத்தால்தான் ஓடுகிறது என்று சொன்னால் சிரிப்பார்கள்.

ஏரி இருந்த இடம்

நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் நோக்கிப் பல கல் நீளத்துக்கு ஒரு பெரிய ஏரி கிடந்தது. ஆங்கிலேயர் அதனை நீண்ட ஏரி என்ற பொருளில் குறித்தனர். 1920களில் அதன் ஒரு பகுதி வடிக்கப்பட்டுக் குடியிருப்பு மனைகளாக்கப்பட்டது. நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயரின் பெயரால் தியாகராய நகர் உருவானது. முதலமைச்சராக இருந்த பனகல் அரசரின் பெயரில் அதன் நடுவே பூங்கா அமைந்தது. அருகிலேயே மாம்பலம் நிலையம். நகர் வந்த சில ஆண்டுகளில் மின்தொடர்வண்டியும் வந்ததால் மனைகள் வீடுகளாயின. அலுவலகம் செல்பவருக்கு வீட்டிலிருந்து நிலையம் நடைதூரம். கடற்கரை நிலையத்திலிருந்து அலுவலகம் நடைதூரம். இடையில் இருப்பதைப் பருவச்சீட்டு பார்த்துக்கொள்ளும்.

நகரத்தின் மையத்தில் வாடகை கொடுக்க இயலாத ஓர் எழுத்தர் பல்லாவரத்தில் ஓட்டுவீடு ஒன்றில் குடும்பத்தை வைத்துவிட்டு நாள்தோறும் வந்துபோகலாம் என்ற நிலையை இந்த வண்டி உண்டாக்கியது. பெண்களுக்கெனத் தனிப் பெட்டி இருந்ததால் ஆசிரியைகளும் செவிலியரும் மாணவியரும் துணையின்றிப் பயணம் செய்தனர். ஒரு தலைமுறைக்கு முன் அது எண்ணிப் பார்க்க இயலாதது. கட்டணத்தால் வகுப்பு பிரிந்தாலும், ஒரே பெட்டியில் அடுத்தடுத்து அமர்ந்தவர் இன்னார் என்று கேட்க நேரமிருக்கவில்லை. ஆயினும் வண்டியில் கலந்தவர்கள் நிலையத்து உணவுக்கூடத்தில் பிரிக்கப்பட்டனர். பிராமணாள், இதராள் என்று தனித்தனி இடங்கள் தென்னிந்திய இரயில்வே நிலைய உணவுக்கூடங்களில் இருந்தன. தந்தை பெரியாரும் நீதிக்கட்சியினரும் தொடர்ந்து எதிர்த்ததன் விளைவாக 1941இல் அவை நீக்கப்பட்டன. தண்டவாளம் தானாகவே சமத்துவத்தைக் கொண்டுவந்துவிடவில்லை.

ஏரிக்குத் திரும்புவோம். மாம்பலத்தில் ஒருமுறை நிகழ்ந்தது தெற்கே பலமுறை நிகழ்ந்தது. நிலையம் உள்ள ஊரில் மனைவிலை ஏறும், விலை ஏறினால் வயல் மனையாகும், வயல் போனபின் ஏரிக்கு வேலை இல்லை என்று தோன்றும், ஏரியும் மனையாகும். மேற்கு மாம்பலத்தில் ஏரியே இல்லாத இடத்தில் இன்றும் ஏரிக்காட்சி என்று பொருள்படும் பெயரோடு ஒரு சாலை இருக்கிறது. வள்ளுவர் கோட்டம் எழுந்து நிற்பதும் பழைய ஏரி நிலத்திலேயே. குற்றம் வண்டியுடையது அன்று; வண்டி யாரையும் ஏரிக்குள் வீடு கட்டச் சொல்லவில்லை. ஆனால் பாதை போட்டவர்கள் மழைநீருக்குரிய பாதையையும் உடன் எண்ணியிருந்தால், 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் மக்கள் மாடிகளில் நின்று படகுக்குக் காத்திருக்க வேண்டிவந்திருக்காது. திருவண்ணாமலை போன்ற ஊர்களில் இன்று புறவழிச்சாலைகளின் ஓரத்தில் மனைப்பிரிவுப் பலகைகள் நடப்படுவதைப் பார்க்கும் மாணவர்கள், பலகைக்குப் பின்னால் உள்ள நிலம் முன்பு என்னவாக இருந்தது என்று பெரியவர்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

மாறிய மின்சாரம், மாறிய பாதை

நேர்மின்னோட்டத்தைக் குறைந்த அழுத்தத்தில் அனுப்புவதால் தடிமனான கம்பிகளும் சிறு இடைவெளியில் துணை மின்நிலையங்களும் வேண்டியிருந்தன. விடுதலைக்குப் பின் இந்திய இரயில்வே 25,000 வோல்ட் மாறுமின்னோட்ட முறையைத் தேர்ந்துகொண்டது. அழுத்தம் உயர்ந்தால் அதே ஆற்றலுக்கு மின்னோட்டம் குறையும், கம்பி மெலியும், துணை மின்நிலையங்களின் எண்ணிக்கை குறையும். 1960களின் நடுப்பகுதியில் மின்பாதை விழுப்புரம் வரை நீண்டது. கடற்கரை - தாம்பரம் பகுதி 1967 ஜனவரி 15 அன்று புதிய முறைக்கு மாறியது. கரி எஞ்சினைக் கழற்றும் இடம் என்ற பெருமை தாம்பரத்தை விட்டு விழுப்புரத்துக்குப் போயிற்று. 1955இல் தொடங்கப்பட்ட பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் செய்த பெட்டிகள் பின்னர் இப்பாதையில் ஓடின.

ஆசிரியர் பயிற்சிக்காகச் சைதாப்பேட்டையில் தங்கியிருந்த ஆண்டில் நானும் இந்த மீட்டர் பாதை வண்டியில்தான் நாள்தோறும் சென்றுவந்தேன். பெட்டி குறுகலானது. எதிரெதிரே அமர்ந்தால் முழங்கால்கள் இடிக்கும். பட்டாணி விற்பவரும், கைக்குட்டை விற்பவரும், பாடிக்கொண்டே வரும் பார்வையற்ற பாடகரும் அந்தக் குறுகிய இடத்தில் எப்படி வழி கண்டனர் என்பது எனக்கு இன்றும் வியப்பு. கெட்டி அட்டையில் அச்சிட்ட சீட்டைச் சட்டைப்பையில் வைத்துத் துவைத்துவிட்டு, பரிசோதகரிடம் மைக்கறை படிந்த அட்டைக்கூழைக் காட்டிய நாளும் உண்டு. அவர் அதை உற்றுப் பார்த்துவிட்டு, அடுத்த முறை சட்டையைத் துவைக்காதீர்கள் என்று சொல்லி நகர்ந்தார்.

1995 நவம்பரில் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை பறக்கும் வண்டிப் பாதை திறக்கப்பட்டது. அது பின்னர் மயிலாப்பூருக்கும் வேளச்சேரிக்கும் நீண்டது. தாம்பரம் பாதையிலும் அகலப்பாதை வேலைகள் நடந்தன. 73 ஆண்டுகள் ஓடிய மீட்டர் பாதை மின்தொடர்வண்டி 2004 ஜூலை 1 அன்று கடைசியாக ஓடியது. அன்று வழியனுப்ப வந்தவர்கள் பலர், வாழ்நாளின் பெரும்பகுதியை அதில் கழித்தவர்கள். அவர்களில் ஒருவருக்கு ஒரு வழித்தடப் பயணம் முக்கால் மணி என்று கொண்டால், முப்பதாண்டுப் பணிக்காலத்தில் ஆண்டுக்கு 280 நாள் சென்றுவந்தவர் 12,600 மணி நேரத்தை அந்தப் பெட்டியில் கழித்திருப்பார். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு, இரவும் பகலும்.

மீண்டும் நிலப்படம்

விழுப்புரம் - காட்பாடி மீட்டர் பாதையும் அகலப்படுத்துவதற்காக மூடப்பட்டு, 2010இல் அகலப்பாதையாகத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் திருவண்ணாமலையில் தண்டவாளம் இல்லாமலேயே கார்த்திகைத் தீபம் வந்துபோனது. மக்கள் பேருந்துக் கூரைமீதும் இடம் தேடினர். 2024 மே மாதத்தில், சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர்க் கண்டோன்மென்ட் வரை ஓடிய மின்தொடர்வண்டி திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டது. 1931இல் எழுத்தர்கள் இறங்கிய அதே கடற்கரை நிலையத்திலிருந்து மாலையில் புறப்பட்டு, அரக்கோணம், காட்பாடி, ஆரணி சாலை, போளூர் வழியாக நள்ளிரவில் அண்ணாமலையின் அடியில் வந்து நிற்கிறது. விடியலுக்கு முன்பே மறுபடியும் புறப்படுகிறது. சென்னையில் கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் செல்பவர்கள் பாதித் தூக்கத்தில் ஏறுகிறார்கள். குறைந்த கட்டணம் என்பதால் ஆறு மணி நேரச் சுற்றுவழியை அவர்கள் பொருட்படுத்துவதில்லை. பேருந்தில் அதைவிட விரைவாகச் சென்றுவிடலாம். ஆனால் பேருந்துக் கட்டணம் பல மடங்கு.

நேர்வழி ஒன்று உண்டு. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் புதிய பாதை அமைக்க இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே ஒப்புதல் வழங்கப்பட்டது. அடிக்கல்லும் நாட்டப்பட்டது. நிதியும் நிலமும் போதாமல் வேலை நின்றும் நகர்ந்தும் கிடக்கிறது. அது அமைந்தால், மின்பாதை உள்ள திண்டிவனத்தில் ஏறி மேல்மருவத்தூர், செங்கல்பட்டு, தாம்பரம் என்று நேரே சென்னைக்குப் போகலாம். 1896இல் மதுரைப் பையன் நிலப்படத்தில் விரல் வைத்த ஊர் திண்டிவனம். அங்கிருந்து திருவண்ணாமலைக்கு இன்றைய நிலப்படத்திலும் தண்டவாளக் கோடு இல்லை.

கற்பவை கற்றபின்…

உங்கள் ஊருக்கு மிக அருகில் உள்ள தொடர்வண்டி நிலையம் எப்போது திறக்கப்பட்டது, அதற்குமுன் அவ்விடம் என்னவாக இருந்தது என்பதை எழுபது வயதைக் கடந்த ஒருவரிடம் கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே ஒரு பக்கம் எழுதுக.

புகைவண்டி என்பதைப் போலக் காரணம் மறைந்தும் வழங்கிவரும் காரணப்பெயர்களை உங்கள் வீட்டாரின் பேச்சிலிருந்து தொகுத்து வகுப்பில் கலந்துரையாடுக.

உங்கள் ஊரிலிருந்து மாவட்டத் தலைநகருக்கும் சென்னைக்கும் உள்ள வழிகளை ஒரு நிலப்படமாக வரைந்து, தொலைவுக்கு மாறாகப் பயண நேரத்தை அளவாகக் கொண்டு அதே நிலப்படத்தை மீண்டும் வரைந்து பார்க்க.